மோகனன் மாமனுக்க படகுல நான் போட்ட வயர்

ஜூன் 9, திங்கள்

பாறசாலையில ஒரு வீட்டுல இன்வெர்ட்டர் மாட்டப் போனேன். ஸ்விட்ச் எங்க வைக்கணும்ணு கேட்டேன். அந்த வீட்டு சேச்சி, கை எட்டுற இடத்துல வை மோனேண்ணாவ.

அதோட தீந்துது. ஸ்க்ரூ டிரைவர் கையில இருந்து விழுந்துட்டு. காய்ச்சல்ணு பொய் சொல்லி பாதியில எறங்கி வந்தாச்சு. கடைக்காரர் நாளைக்கு கத்துவாரு. கத்தட்டு.

மோகனன் மாமனும் இதே சொல்லாக்கும் சொன்னது. அதே சொல்லு.

ஜூன் 11, புதன்

காரணமே இல்லாம பிளாஸ்டிக் கரிஞ்ச மணம். அம்மைட்ட கேட்டேன், உனக்கு வருதாண்ணு. ஒண்ணும் வரல்லியே, மூக்க டாக்டர்ட்ட காட்டுண்ணா. பாலிடெக்னிக்க பாதியில விட்ட நாளுல இருந்து எனக்கு எல்லா சூக்கேடும் வருதாம்.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சு விட்டு வெளிய வாறேன், கேட்டுல ஸ்கூட்டிய நிப்பாட்டிட்டு பிரசீதா நிக்கா. மோகனன் மாமனுக்க மவ. நெய்யாற்றின்கரையில ஒரு லேபுல வேலை பாக்கா. ஒரு வருஷமா நான் அவ முகத்த நேரா பாத்ததில்ல. ஓடவும் முடியல்ல, பாஸ்டர் பக்கத்துல நிக்காரு.

படகு எடுக்கப் போறாளாம். ஞாயிறுதோறும் டவுணுல இருந்து சூண்டைக்காரங்க மீன் பிடிக்க வருவாவல்லா, அவங்கள மாமன் கொண்டு போன மாதிரி இவளும் கொண்டு போவாளாம். மோட்டார் இருக்கு, புது பேட்டரி வாங்கிட்டா, வயரிங் மட்டும் நான் வந்து செய்யணும்.

வேற ஆளப் பாருண்ணேன்.

"அச்சன் எப்பளும் சொல்லும், எபின் செய்தா செய்ததாக்கும்ணு. நான் வேற யாருட்ட போவேன்?"

சரிண்ணு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்?

எழுதி வைக்கேன். எங்கயாவது எழுதணும்லா. போன வருஷம் ஜூன் மாசம் அந்த டிரோலிங் மோட்டார மாமனுக்கு மாட்டிக் குடுத்தது நானாக்கும். பேட்டரியில ஓடுற சின்ன மோட்டார். சத்தமே கிடையாது, மீனு வெரளாது. மாமனுக்கு சின்ன புள்ளக்கி கிடைச்ச மாதிரி சந்தோசம். ஜூலை ஏழாம் தேதி சாயங்காலம், மழையில பொழி, அதாவது ஆத்துக்கும் கடலுக்கும் நடுவுல உள்ள மணல்திட்டு, முறிஞ்சு ஆறு கடலுக்கு இழுத்துட்டு கெடந்த சமயம், மாமன் ஒத்தைக்கு படகு எடுத்தாரு. ரெண்டு நாளு கழிச்சு பொழிக்கரையில ஒதுங்கினாரு. படகு பாதி வெள்ளத்தோட தாழம்புதருல சொருகிக் கெடந்துது.

வெள்ளம் குடிச்சு செத்ததுண்ணு போஸ்ட்மார்ட்டம். ரத்த ரிப்போர்ட் வரவே இல்ல. மாமனுக்க தம்பி ஜெயன் சொன்னான், அண்ணன் பழையபடி குடிச்சிருப்பான், மப்புல விழுந்திருப்பான்ணு. மாமன் முந்தி குடிச்சவரு தான. எல்லாரும் நம்பியாச்சு.

நான் மட்டும் நம்பல்ல. ஆனா நம்பினவன மாதிரி தலையாட்டினேன். நல்லா ஆட்டினேன்.

ஜூன் 16, திங்கள்

போவல்ல.

ஜூன் 18, புதன்

இன்னிக்கும் போவல்ல. பிரசீதா மெசேஜ்: "மறந்தியா?"

சாயா கடையில ஜெயன் இருந்தான். படகுக்கு மோட்டார் வைக்கியாமே, எங்க அண்ணனுக்கு மோட்டார் வெளிய இல்ல, வயித்துக்குள்ளயாக்கும், அரை லிட்டர் ஊத்தினா போரும் தானா ஓடும்ணு சொல்லி சிரிச்சான். கூட இருந்தவனுவளும் சிரிச்சானுவ. எனக்கும் பல்லு தெரிஞ்சுது. சவம், எனக்க பல்லு தான்.

ஜூன் 21, சனி

போனேன். பிரசீதா லேபுக்கு போயிருந்தா. மாமி, அதாவது மாமனுக்க பெஞ்சாதி பிரேமகுமாரி மாமி, நான் வந்தது பாத்தும் படகு கெடக்க பக்கமே பாக்கல்ல. வீட்டுக்குப் பின்னால தார்ப்பாய் மூடி கெடக்கு. ஒரு வருஷமா யாரும் தொடல்ல. செத்தவன் ஏறின படகு, தொட்டா ஆகாதுண்ணு.

தார்ப்பாய இழுத்தேன். மொதல்ல பின்பக்கம் மோட்டார் கிட்ட போனேன். நான் வச்ச பிரேக்கர், கரண்டு கூடினா தானா அறுக்க ஸ்விட்ச், அப்படியே மேல நிக்கி. டிரிப் ஆவல்ல. ஒரு நிமிசம் மூச்சு வந்துது. அப்பம் வயரிங்குல கொழப்பமில்ல, மாமன் சும்மா விழுந்ததாக்கும், நான் ஒண்ணும் செய்யல்ல —

பொறவு முன்பக்கம் பலகைய தூக்கினேன்.

பேட்டரியில இருந்து ரெண்டடிக்கு வயர் இல்ல. கரிக்கட்டை. ரெண்டு வயரையும் ஒரே ஓட்டை வழியா இழுத்திருந்தேன். ஃபைபர் விளிம்பு பிளேடாட்டம் இருக்கும், படகு ஆட ஆட உரசி ரெண்டும் ஒட்டியிருக்கு. அதுவும் வீட்டு வயரிங்குல மிச்சம் கெடந்த மெலிசான நாலு ஸ்கொயர் வயர். அம்பது ஆம்பியர் இழுக்க மோட்டாருக்கு நாலு ஸ்கொயர்.

பிரேக்கர் எப்படி டிரிப் ஆவும்? தீ பேட்டரிக்கும் பிரேக்கருக்கும் நடுவுலயாக்கும். கை எட்டுற இடத்துல வைன்ணு மாமன் சொன்னாரு, மோட்டார் கிட்ட வச்சேன். மாமன் சொல்லாட்டியும் அங்க தான் வச்சிருப்பேன். வீட்டு வயரிங் செய்து பழகின கை. வீட்டுல போஸ்டுல ஒரு ஃபியூஸ் உண்டு, மீட்டர் கிட்ட ஒண்ணு உண்டு. நான் எங்க வச்சாலும் எனக்கு முன்னால காவலுக்கு ஆளு உண்டு. படகுல பேட்டரிக்கு அந்தப் பக்கம் ஆரு இருக்கா? ஒருத்தரும் இல்ல. பேட்டரி பிளஸ்ஸுல இருந்து ஒரு சாணுக்குள்ள வைக்கணும். எனக்கு அது தெரியல்ல. தெரிஞ்சவன்ட்ட கேக்கவும் இல்ல.

இன்னும் ஒண்ணு உண்டு. நாளைக்கு எழுதுவேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஸ்பேனர்.

பிளஸ் நட்டுல ஸ்பேனர் மாட்டினபடி இருக்கு. துருவேறி பிடிச்சுப் போச்சு. அரைச் சுத்து கழத்தியிருக்கு.

வயர பேட்டரியில இருந்து பிரிக்க மாமன் கழத்தியிருக்காரு. கீழ வயர் எரியுது, புகை, மோட்டார் நின்னு போச்சு, ஆறு படக கடலுக்கு இழுக்குது, அந்த ஆளு ஸ்பேனர தேடி எடுத்து, குனிஞ்சு, அந்த சின்ன நட்டுல சரியா மாட்டி திருகிட்டு இருந்திருக்காரு. பேட்டரி பக்கத்துல பிரேக்கர் இருந்தா ஒரு விரலு போரும். ஒரு விரலு.

சர்ச்சுக்கு போவல்ல.

ஜூன் 23, திங்கள்

கரிஞ்ச வயரையும், கிளாம்போட ஸ்பேனரையும் வெட்டி எடுத்து சாக்குல பொதிஞ்சு கட்டிலுக்கடியில வச்சிருக்கேன். ஆத்துல எறிஞ்சா தீந்துது. யாருக்கும் தெரியாது. புது வயர் போட்டுக் குடுத்தா நான் நல்ல பய.

எறியலாம்.

எறியலாம்லா?

ஜூன் 26, வியாழன்

வேலை முடிச்சேன். மூணு நாளு. பதினாறு ஸ்கொயர், தடிச்ச, ஈயம் பூசின கேபிள், நடுவுல ஒரு ஜாயிண்டு இல்ல. ஓட்டைக்கு ஒரு ரப்பர் வளையம், பிளஸ்ஸுக்கு ஒரு ஓட்டை, மைனஸ்ஸுக்கு வேற ஓட்டை. கேபிள் முனையில லக்க அமுக்கினதும் இழுத்துப் பாத்தேன், காலு வச்சு சவுட்டி இழுத்தேன். பேட்டரிய பெட்டியில வச்சு பெல்ட்டு போட்டு கட்டியாச்சு. அறுபது ஆம்பியர் டிசி பிரேக்கர், பிளஸ்ஸுல இருந்து முக்கால் சாண். கையால அளந்தேன், பொறவு டேப்பால அளந்தேன், பொறவு பின்னயும் கையால.

இது எல்லாம் போன வருஷமும் கடையில கிடைச்ச சாதனம் தான்.

ஜூன் 28, சனி

கரைக்குப் பக்கத்துல வெள்ளத்துல விட்டுப் பாத்தோம். ஃபுல் ஸ்பீடுல கால் மணிக்கூர் ஓட்டிட்டு கேபிள தொட்டேன். சூடு இல்ல.

பிரசீதாட்ட கண்ண மூடச் சொன்னேன். மூடிட்டு பிரேக்கர அமத்து. பத்து தடவ. நாலு தடவ செய்துட்டு, இதென்ன சர்க்கஸாண்ணு சிரிச்சா. நான் சத்தம் போட்டேன். புகை வந்தா கண்ணு தெரியாது, செய்யி. சிரிப்பு போச்சு. பத்தும் செய்தா.

"ஆரு சொன்னா புகை வரும்ணு?"

நான் வாய் தொறக்கதுக்குள்ள மாமி ஓடி வந்தா. முட்டு வரை வெள்ளத்துல எறங்கி, அவ கைய பிடிச்சு இழுக்கா. மலையாளத்துலயும் தமிழுலயும் மாறி மாறி வசவு. பிரசீதா கைய உதறிட்டு எங்கிட்ட சொன்னா, அழுவுத மாதிரி: அச்சன் குடிய விட்டப்பம் மவ தலையில கை வச்சு சத்தியம் செய்திருக்காரு, இனி தொட மாட்டேன்ணு. அந்த சத்தியம் பொய்யாப் போச்சுண்ணா பலன் இந்த தலைக்கு தான் வருமாம். அதனால மாமி அச்சனுக்க படத்த கழத்தி பெட்டியில வச்சாச்சு, பதினாறாம் நாளு சடங்குக்கு இருக்கல்ல, இவள வெள்ளத்துப் பக்கம் விட மாட்டா. ஒரு வருஷமா கோயிலு கோயிலா பரிகாரம்.

"இந்த தலைய எண்ணி எண்ணி அம்மைக்கு பைத்தியம் பிடிச்சிரும்"ணா.

ஒரு வருஷம். நான் தலையாட்டின தலையாட்டலு எங்க போயி விழுந்திருக்கு பாரு.

ஜூன் 29, ஞாயிறு

சொல்லியாச்சு.

காலையில சாக்க எடுத்துட்டு போனேன். மாமி அடுக்களை வாசல்ல இருந்து மரச்சீனிக் கெழங்கு தொலிக்கா. முன்னால சாக்க பிரிச்சு வச்சேன். வழியெல்லாம் என்னென்னவோ யோசிச்சிட்டு போனேன், ஒண்ணும் வரல்ல. மாமன் குடிக்கல்ல மாமி, நான் போட்ட வயர் எரிஞ்சதாக்கும்ணு மட்டும் வந்துது. பொறவு எல்லாம் சொன்னேன். பிரேக்கர், ஓட்டை, நாலு ஸ்கொயர். அவியளுக்கு மனசிலாச்சோ என்னவோ.

மாமி ஸ்பேனர தொடல்ல. குனிஞ்சு அது மாட்டியிருக்க நட்ட பாத்தா.

"குடிச்சவனுக்க கை இதுல நிக்குமா?"

"நிக்காது மாமி. தெளிஞ்சவனுக்கே பெரும்பாடாக்கும்."

பிரசீதாவ விளிச்சா. கிட்ட இருத்தி, மரச்சீனி மண்ணோட கைய அவ தலையில வச்சா. எடுக்கவே இல்ல. அழவும் இல்ல.

பொறவு எனக்க முகத்த பாக்காம சொன்னா: "பதினாறுக்கு எனக்க வீட்டுல வந்து இலை போட்டு சாப்பிட்டவன் நீ. எறங்கிப் போ."

சாப்பிட்டேன். உண்மையாக்கும். ரெண்டாமதும் சோறு வாங்கினேன்.

ஜூலை 1, செவ்வாய்

மாமி ஆளு விட்டு விளிச்சா. ஜெயன் வீட்டுக்கு வரணும். போனேன். திருப்பி சொல்லுண்ணா. சொன்னேன். முடிக்கதுக்கு முன்ன ஜெயன் கன்னத்துல ஒண்ணு விட்டான். ரெண்டாமதும் ஓங்கினான். மாமி நடுவுல வந்து நின்னா. எனக்காக வந்ததில்ல, அது எனக்குத் தெரியும்.

"அடிச்சாச்சுல்லா. இனி நீ ஊரெல்லாம் எறிஞ்சத நீயே பெறக்கு."

ஜெயன் ஓங்கின கைய தாழ்த்தினான். அண்ணன் தெளிஞ்சு தான் இருந்தானாண்ணு ரெண்டு மூணு தடவ கேட்டான். ஒவ்வொரு தடவயும் ஆமாண்ணேன்.

வாயில சொன்னா காத்துல போவும், ஸ்டேஷன்ல எழுதணும்ணு மாமி சொல்லிட்டா.

ஜூலை 2, புதன்

அம்மை அழுவுதா. உன்ன தூக்கி உள்ள போடுவாவ, மாமாட்ட சொல்லி கல்ஃபுக்கு அனுப்புறேன், போயிரு மக்காண்ணு. பயம் உண்டு. இல்லேண்ணு எழுதினா பொய்.

மத்தியானம் பிரசீதா மெசேஜ். மூணு நாளுக்குப் பொறவு. "நீ இப்பம் போட்ட வயர நம்பலாமா?"

ஒரு மணிக்கூர் பதில் எழுதி எழுதி அழிச்சேன். கடைசியில அனுப்பினது: நம்பாண்டாம். ஒவ்வொரு தடவயும் எறக்குறதுக்கு முன்ன பலகைய தூக்கி பாரு. ஓட்டி வந்ததும் கேபிள தொட்டுப் பாரு. சூடு உண்டெங்கி எடுக்காத. மழையில பொழி முறிஞ்சு கெடந்தா மோட்டாரே இருந்தாலும் போவாத, துடுப்பு இல்லாம ஒருநாளும் ஏறாத.

ரெண்டு நீல வரை வந்துது, வாசிச்சிட்டா.

ஜூலை 4, வெள்ளி

ஸ்டேஷன். பத்து மணிக்கு போயி ஒண்ணரைக்கு தான் விளிச்சானுவ. மாமி வெளிய பெஞ்சுல இருந்தா. அடுத்த பெஞ்சுல நான்.

எழுதின போலீஸ்காரருக்கு வயசு உண்டு, பொறுமையும் உண்டு. பேரு, அப்பன் பேரு, வயசு இருவத்தொண்ணு. தொழிலு? வயரிங்ணேன். லைசென்ஸ் உண்டா? இல்ல. அதையும் எழுதினாரு. ஸ்பேனர ஒரு கவருல போட்டு ஒட்டினாரு. கேஸு எப்படி போவும்ணு இப்பம் சொல்ல முடியாது, விளிச்சா வரணும், ஊர விட்டு போவாண்டாம்ணாரு. சரிண்ணேன்.

பொறவு எழுதினத மலையாளத்துல வாசிச்சுக் காட்டினாரு. பழைய ஃபைலுல இருந்து கொஞ்சம் பகர்த்தி எழுதியிருக்காரு போல, நடுவுல ஒரு வரி வந்துது: மதுபோதையில படகோட்டிய மோகனன்.

அது வேண்டாம் சார்ணேன்.

பழைய ரிப்போர்ட்டுல அப்படி தான் இருக்குண்ணாரு.

இதுல வேண்டாம். இது நான் சொல்லுததாக்கும். அத வெட்டினா தான் நான் ஒப்பிடுவேன்.

என்ன மேலயும் கீழயும் பாத்தாரு. இது முழுக்க உனக்கு எதிராட்டு இருக்க பேப்பர், மனசிலாச்சாண்ணு கேட்டாரு. மனசிலாச்சு சார். பேனா எடுத்து அந்த வார்த்தைய வெட்டி, பக்கத்துல சின்னதா ஒரு ஒப்பு வச்சாரு. நானும் வச்சேன். பொறவு கீழ முழுப் பேரும் எழுதி ஒப்பிட்டேன்.

வெளிய வந்ததும் மாமி எழும்பினா. "என்ன எழுதியிருக்கு?"

நடந்தது எழுதியிருக்கு மாமி. குடிச்சதுண்ணு ஒரு வார்த்தை இருந்துது, வெட்டியாச்சு.

சேலைத் தும்பால முகத்த தொடச்சிட்டு பஸ் ஸ்டாப்ப பாத்து நடந்தா. பத்தடி விட்டு நானும் நடந்தேன்.