தைத்தவரே முதலில் இறங்க வேண்டும்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், தையல் மெஷினும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், அந்தச் சட்டை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் சந்தேகம். உன் சித்தி போனில் சொல்லி நீ சிரிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா நடு ஆற்றில், ஒரு ரப்பர் படகில், படகோட்டுகிறவர் காலைக் கட்டிக்கொண்டு, விட்டுடாதீங்க விட்டுடாதீங்க என்று கதறினாள். அவர் விடுவதற்கு என்ன இருக்கிறது, பிடித்திருந்தது நான். வேடிக்கை பார்க்கக் கூடவே வந்த சித்தி கரையில் நின்று அதைப் படம் எடுத்துவிட்டாள். அழித்துவிடடி என்றால், ஃப்ரேம் போடக் குடுத்தாச்சுக்கா என்கிறாள்.

விஷயம் இப்படி. நம் கடைத்தெருக் கோடியில் ஆற்றுச் சுழிப்பில் ரப்பர் படகு விடுகிற ராஃப்டிங் கம்பெனி இருக்கிறதே, அதன் முதலாளியைத் தவளை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், எப்போது பார்த்தாலும் ஈரமாக இருப்பார். அவர் ஒரு மூட்டை லைஃப் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து நம் கடையில் போட்டார். எல்லாவற்றிலும் தோள் வார் பிய்ந்து தொங்கியது. முடியாது என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். உனக்கே தெரியும், மாவுக்கட்டுப் பிரித்ததிலிருந்து என் வலது மணிக்கட்டு என் பேச்சைக் கேட்பதில்லை, உன் அப்பாவிடம் கற்றுக்கொண்டது போலிருக்கிறது. நூல் கோக்க உட்கார்ந்தால் நடுங்கும். வந்த துணியை எல்லாம் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். நீயோ, கடையை மூடிவிட்டு என்னோடு வந்துவிடு, மெஷினை வாங்க ஆள் பார்த்துவிட்டேன், இந்த மாதத்துக்குள் பதில் சொல் என்று எழுதியிருந்தாய். உன்மேல் கோபமில்லை கண்ணா, பாசத்தில் சொல்கிறாய். ஆனால் பதில் எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. கை இருக்கிறதா போய்விட்டதா என்று எனக்கே தெரியாதபோது உனக்கு என்ன எழுத?

அதனால் மூட்டையை வாங்கி வைத்தேன். தடித்த நூல் போட்டு, ஒவ்வொரு வாரின் முனையிலும் பெட்டி மாதிரி நாலு பக்கமும் ஓட்டி, நடுவில் பெருக்கல் குறி போலக் குறுக்குத் தையல். பிடிக்காததைப் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். அப்பா பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்றார். என் குழம்பையும் அப்படித்தான் சொல்வார், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தவளையிடம் கொடுத்தால் அவர், எங்க கம்பெனி வழக்கம் ஒண்ணு இருக்குக்கா, யார் தைச்சாங்களோ அவங்கதான் போட்டுக்கிட்டு முதல்ல ஆத்துல இறங்கணும், அப்புறம்தான் மத்தவங்களுக்குக் குடுப்போம் என்கிறார். எனக்கு நீச்சல் தெரியாதே என்றேன். அதுக்குத்தானேக்கா ஜாக்கெட்டு என்றார். உன்னைத் தனியா விட்டா ஆறு பாவம் என்று அப்பாவும் கூடவே கிளம்பிவிட்டார்.

முன்னால் அப்பா, அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் தவளை. யாராவது விழுந்தால் கையைப் பிடிக்கக் கூடாது, வழுக்கிவிடும், தோள் வாரைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும் என்று தவளை கரையிலேயே சொல்லிக்கொடுத்தார். கொஞ்ச தூரம் ஆறு சாதுவாகத்தான் போனது. பிறகு முன்னால் ஒரே வெள்ளை நுரை, மெஷின் அறை மாதிரி இரைச்சல், படகு மூக்கைக் குத்திக்கொண்டு கீழே போனது, நான் தவளையின் காலுக்குப் போனேன். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, நமக்கு அந்தச் சேறாவது கிடைக்காதா என்று இருந்தது. அடுத்த பாறையில் ஏறி இறங்கியபோது உன் அப்பாவைக் காணோம். இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லாமல் அவர் வெளியே போனது அதுதான் முதல் தடவை. படகுக்குப் பக்கத்திலேயே தலை தெரிந்தது, முகத்தில் ரத்தமே இல்லை. காலை விட்டுவிட்டுக் குனிந்து அவர் தோள் வார் இரண்டையும் பிடித்துவிட்டேன். தண்ணீர் ஒரு பக்கம் இழுக்கிறது, நான் ஒரு பக்கம் இழுக்கிறேன், நடுவில் இருப்பது என் தையல். நூல் பட்டென்று விடப்போகிறது என்று காத்துக்கொண்டே இழுத்தேன். விடவில்லை. மணிக்கட்டு வலித்தது, ஆனால் நடுங்கவில்லை. துணி மூட்டையை உருட்டுவது போல உள்ளே உருட்டிப் போட்டேன். குடித்த தண்ணீரை எல்லாம் துப்பிவிட்டு, நல்லாத்தான் தைச்சிருக்கே என்றார். அன்றைக்குத்தான் அதை நம்பினேன்.

ஆகவே பதில் இதுதான். மெஷினை விற்கவில்லை. நீ பார்த்து வைத்த ஆளிடம் மனம் நோகாமல் சொல்லிவிடு. தவளை அடுத்த மூட்டையும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். உன்னிடம் வராமல் இருப்பேனா, மழைக்காலத்தில் ஆற்றில் யாரும் இறங்க மாட்டார்கள், அப்போது வந்து உன் சட்டைப் பொத்தான்களை ஒரு வழி பண்ணிவிட்டுத் திரும்புவேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லிச் சொல்லி உன்னை வளர்த்தேன், அதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள், ஜாக்கெட் போட்டிருந்தால் விடலாம். அந்த வேறு வேலைக்குக் கேட்டுப் பார்க்கட்டுமா என்று போன மாதம் தயங்கினாயே, கேள். இல்லை என்றால் இல்லை, தலையா போய்விடும்.

நினைத்தது கைகூடி, உடம்புக்கு ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும். பல் டாக்டரிடம் போகச் சொன்னேன், போ, நாளைக்கு என்று சொல்லாதே.

இப்படிக்கு,
இரண்டு கையும் வேலை செய்கிற உன் அம்மா

பி.கு.: ஆற்றுக்குப் போகிற வழியில் வேனிலேயே, கொக்கியை நம்பாமல், போட்டிருந்த ஜாக்கெட்டின் முன்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை நெருக்கித் தைத்துவிட்டேன். கைப்பையில் ஊசி நூல் இருந்தது, கத்தரி இல்லை. கரையேறியதும் தவளை இழுத்துப் பார்த்தார், அப்பா இழுத்துப் பார்த்தார், ஒரு தையலும் அசையவில்லை. தவளை கத்தியை எடுத்தார், துணி கிழியும் என்று நான் கிட்டே விடவில்லை. வேன் அடுத்த ஆட்களை ஏற்றப் போய்விட்டதால் பஸ்ஸில் அதோடுதான் வந்தேன். எந்தப் பக்கம்மா வெள்ளம் என்று கண்டக்டர் கேட்டார். கடைத்தெருவுக்கு மூணு என்று டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.