வானத்திலிருந்து தெரிந்த தடம்

தைப்பிங்கில் கோபத்தோடு இருக்கும் மச்சானுக்கு,

தென்னை வரிசைக்காக என்னோடு சண்டை போட்டு, வேலியைப் போட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாயே, அந்த வரிசை யாருடையது என்று தெரிந்துவிட்டது. நான் சொல்லச் சொல்லக் கோயில் கணக்கப்பிள்ளை எழுதுகிறார்; அவரே சாட்சி.

ஆகாய விமானத்திலிருந்து நம் பாயான் லெப்பாஸ் நிலங்களைப் படம் பிடித்து, அதன்மேல் எல்லைக் கோடுகளைச் சிவப்பு மையில் போட்டிருக்கிறார்கள். டவுனுக்குப் போய் நில ஆபீசில் பார்த்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது, தென்னை தெரியாதா? மேலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் நட்சத்திரம் மாதிரி இருக்கிறது. வரிசை முழுவதும் கோட்டுக்கு என் பக்கம்தான். உன் அப்பா எல்லைக்கல் நட்ட அன்றைக்கே நான் சொன்னது!

ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி மட்டும் படத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"பெரியவரே, உங்க வீட்டுலேருந்து கோட்டைத் தாண்டி, அந்தப் பக்கத்து முனியாண்டி மேடை வரைக்கும் வெள்ளையா ஒரு தடம் ஓடுதே. பூட்டிக் கெடக்குற எடத்துல தினம் எவனோ நுழையுறான்லா. புகார் எழுதட்டுமா?"

"வேணாம் தம்பி. ஆளை எனக்குத் தெரியும். சாமிக்கு வெளக்குப் போடப் போறவன்."

"வேலி இருக்குமே?"

"அந்த எடத்துக் கம்பிய நான்தான் அவுத்தேன்."

வரிசை என்னுடையதுதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் காய் முற்றிவிட்டது, மரம் ஏற என்னால் ஆகாது. நீ வந்து பறித்து எடுத்துக்கொள். சாமிக்குச் சுருட்டு வாங்கி வா; எண்ணெய் இருக்கிறது.

அந்தத் தடத்திலேயே என் வீட்டுக்கு வா. முள் இல்லை.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன்