பறக்கிற ஆளுக்குத்தான் கிளி

அக்டோபர் 17, புதன்

காலையில் மூடுபனி. ஷார்ஜாவிலிருந்து உம்முல் குவைன் விமானத் திடல் வரை வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால் கிளியின் இறக்கை முழுக்க உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தேன். எஞ்சின் ஆயில் மாற்றினேன். இடுப்பு வலி, பரவாயில்லை.

விற்பனை விளம்பரம் எழுதித் தரச் சொல்லிக் குணம் நச்சரிக்கிறான். எழுதியது:

'நாலு சீட்டு, வால் சக்கர விமானம். 1957ல் பிறந்தது. வெள்ளை உடம்பு, பச்சை இறக்கை நுனி, சிவப்பு மூக்கு. பெயர் கிளி. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரன் ஒருவன் ஷெட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போனதை, என் பிக்கப்பைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். அன்று சிரித்தவர்கள் பலர். பிக்கப் செத்துப் பல வருஷம். கிளி பறக்கிறது. காட்சிக்கு வைப்பவர்கள் அணுக வேண்டாம்.'

குணம் படித்துவிட்டு, "அண்ணை, இது விளம்பரமோ, வழக்கோ?" என்றான். 'பழைய விமானம், நல்ல நிலை' என்று இரண்டே வரியில் ஆங்கிலத்தில் போட்டுவிட்டான். யாழ்ப்பாணத்துக்காரன், துபாயில் கணக்கர். எழுத்தில் கூடச் சிக்கனம்.

விற்க எனக்கு ஆசையா? ஜூனில் பைலட் லைசென்ஸுக்கு மெடிக்கல். மீசை முளைக்காத டாக்டர், சர்க்கரை என்றான், கண் என்றான், இனி ஓட்டக் கூடாது என்றான். அந்தக் கண்ணால்தான் இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்கிறேன். இப்போது வெள்ளிக்கிழமை தோறும், லைசென்ஸ் வைத்திருக்கிற குணம்தான் ஓட்டுகிறான். அவனும் டிசம்பரில் குடும்பத்தோடு கனடா போகிறான். அப்புறம் ஓட்ட ஆளில்லை. இந்த உப்புக் காற்றில் பறக்காமல் நிற்கும் எஞ்சின் ஒரு வருஷத்தில் துரு.

அக்டோபர் 18, வியாழன்

வெயில் குறையவில்லை.

விளம்பரம் பார்த்து முதல் ஆள். துபாயில் ஓட்டல் வைத்திருக்கும் மலையாளி. கிளியைச் சுற்றி வந்தார், டேப் பிடித்து அளந்தார். நல்ல வாங்குபவர் என்று டீ வரவழைத்தேன்.

"சாரே, எஞ்சின் வேண்டா. வெயிட்டு கூடுதலாணு. சீலிங் தாங்கில்லா."

"எந்த சீலிங்?"

"ஓட்டல் சீலிங். கம்பி போட்டுக் கட்டித் தொங்க விடும். வாலு ஏழாம் நம்பர் டேபிளுக்கு மேல வரும். ஃபேமிலி டேபிள். பிள்ளைகளுக்கு நல்ல இஷ்டமாகும்."

டீயைக் குடிக்க விட்டேன். பிறகு வாசலைக் காட்டினேன். போகும்போதும் சிரித்துக்கொண்டே, "மனசு மாறினா விளிக்கணும்" என்று கார்டு கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரி சரோஜா ஓட்டல்காரர் கட்சி.

"அதுக்கென்னங்க? நாம பாட்டுக்குப் போயி அதுக்கடியில உக்காந்து ரெண்டு தோசை தின்னுட்டு வரலாம். பாத்த மாதிரியும் ஆச்சு, தின்ன மாதிரியும் ஆச்சு."

இரவு அவள் செய்த ரசம் நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

அக்டோபர் 19, வெள்ளி

குணம் முக்கால் மணி நேரம் ஓட்டினான். எஞ்சின் சத்தம் கேட்கக் கேட்கச் சுகம். இறங்கும்போது இரண்டு குதி. "காத்து அண்ணை" என்றான். எப்போதும் காற்றுதான்.

மத்தியானம் ஓமானிலிருந்து போன். சோஹார் துறைமுகத்தில் கப்பல்களை உள்ளே கொண்டுவரும் பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கேப்டன் சாலிம். இந்தி நன்றாகப் பேசுகிறார். விமானம் ஓட்டவும் லைசென்ஸ் உண்டு. கேட்ட முதல் கேள்வி: "பாபா, எஞ்சின் கடைசியா எப்ப ஓடிச்சு?"

"இப்பத்தான். இன்னும் சூடு ஆறல."

ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். மனிதன்!

அக்டோபர் 20, சனி

ஆயுத பூஜை. காலையில் ஒர்க்ஷாப்பில் ஜெனரேட்டர்களுக்கெல்லாம் முடித்துவிட்டு, மாலையில் கிளிக்கு.

எடுத்துப் போனவை: சந்தனம், குங்குமம், வாழைப்பழம், பொரி, எலுமிச்சை. பூசணிக்காய் வேண்டாம். போன வருஷம் ஓடுபாதை ஓரம் உடைத்து மேனேஜர் கத்தினான்.

வழக்கமாக மூக்குக்கும் சக்கரத்துக்கும் மட்டும் பொட்டு. இந்த வருஷம் கிளி என் கையிலிருக்கிற கடைசி பூஜை. குறை வைப்பேனா? மூக்கு, சக்கரம், இறக்கை நுனி, வால், இரண்டு விலாவிலும் கதவுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்குப் பெரிய பொட்டு. கல்யாணப் பெண் கெட்டாள்.

மேனேஜர் வந்தான். இந்த வருஷம் பொரிக்குக் கத்தினான். பறந்து எஞ்சினுக்குள் போய்விடுமாம். ஒவ்வொரு பொரியாகப் பொறுக்கச் சொன்னான். சரோஜாவும் குணமும் பொறுக்கினார்கள். நான் பொறுக்கவில்லை. வாழைப்பழம் ஒன்றை அவன் கையில் வைத்தேன். தின்றுகொண்டே கத்தினான்.

அக்டோபர் 21, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

கேப்டன் வந்தார். உயரம், வெள்ளைத் தாடி, கையில் பேரீச்சம்பழப் பெட்டி. கிளியைச் சுற்றி மெதுவாக நடந்தார், பின்னால் குணம். ஒவ்வொரு கீலையும் ஆட்டிப் பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. குணத்தோடு ஏறினார். கிளம்பியது. அழகாக எழும்பியது.

ஒரே ஒரு சுற்று. உடனே இறக்கிவிட்டார்.

"பாபா, உங்க விமானம் தரையை விட்டு எழும்பவே இல்லைன்னு மீட்டர் சொல்லுது" என்றார். உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் முள், மேலே போயும் பூஜ்யத்திலேயே நின்றதாம். உயரம் தெரியாமல் ஹஜர் மலையைத் தாண்டி ஓமானுக்கு எப்படிக் கொண்டுபோவது? யோசித்துச் சொல்கிறேன் என்றார். பேரீச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

குணத்தைப் பிடித்து ஏசினேன். "வெள்ளிக்கிழமை ரெண்டு குதி குதிச்சியே, அதுல போச்சு."

"அண்ணை, குதிச்சது சக்கரம். மீட்டர் இல்லை."

ஓட்டல்காரரிடமிருந்து சாயங்காலம் போன். எடுக்கவில்லை.

அக்டோபர் 22, திங்கள்

ரஷீத் பாயை வரவழைத்தேன். பெஷாவர்க்காரர், லைசென்ஸ் உள்ள எஞ்சினியர். நான் செய்கிற வேலையையெல்லாம் சோதித்துக் கையெழுத்துப் போடுபவர். நானே படித்து நானே கற்றவன் என்பதால் என் கையெழுத்து இந்த நாட்டில் செல்லாது. அது தனிக் கதை.

மீட்டரைக் கழற்றிச் சோதித்தார். நன்றாக வேலை செய்கிறது. நான் சீட்டுக்கடியில் தலைகீழாகப் படுத்துக் குழாய்களைப் பார்த்தேன். எல்லாம் சரி.

"சாச்சா, வெளித் துளையைப் பார்த்தீங்களா?" என்றார். விமானத்தின் விலாவில் ஒரு சின்னத் துளை. வெளிக்காற்றின் அழுத்தம் அது வழியாகப் போய்த்தான் மீட்டருக்கு உயரம் தெரியும்.

"துளையைப் பத்தி என்கிட்டப் பேசாதீங்க. தினமும் நான்தான் துடைக்கிறேன்" என்று சத்தம் போட்டேன். பாவம், அடங்கிவிட்டார்.

மாலை சரோஜா சாப்பாடு கொண்டுவந்தாள். நானும் ரஷீத்தும் இறக்கை நிழலில் சப்பாத்தி தின்றுகொண்டிருந்தோம். அவள் சும்மா இருக்க மாட்டாள். ஈரத்துணி எடுத்துக் காய்ந்த பொட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள். இடது விலாவில் நகத்தால் சுரண்டுகிற சத்தம்.

"ஏனுங்க, இதுக்கடியில ஒரு சின்னப் பொத்தல் இருக்குதுங்க. பூச்சி கீச்சி பூந்துராதுங்களா?"

ரஷீத் சப்பாத்தியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. "அரே சாச்சா!" என்று தரையில் சாய்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு.

நல்ல சந்தனம். ஊரிலிருந்து வந்தது. சிமெண்ட் மாதிரி பிடித்திருக்கிறது. சந்தனத்தின் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்த இடத்தில் துளை போட்டவன் தப்பு.

துளையைச் சுத்தம் செய்து, ரஷீத் சோதித்துக் கையெழுத்துப் போட்டார். முள் அசைகிறது. வெளியே சொல்லக் கூடாது என்று இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 23, செவ்வாய்

குணத்துக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. சரோஜாதான்.

"அண்ணை, கேப்டனுக்கு ஒரு போன் எடுத்து உள்ளதைச் சொல்லுங்கோவன். மீட்டர் பழுதெண்டு நினைச்சுக்கொண்டு அந்த மனிசன் வேற விமானம் பாக்கப் போறார்."

"சந்தனத்தை வெச்சு அடைச்சேன்னு நான் சொல்லணுமா? வளைகுடா முழுக்கச் சிரிக்கும்."

"அப்ப சரி. ஏழாம் நம்பர் மேசைக்கு மேல தொங்கட்டும்."

போனை வைத்துவிட்டான். திமிர். என்னோடு பழகி வந்தது.

ஓட்டல்காரர் மறுபடி. இந்த முறை பேசினேன். கிளியின் மூக்கில் உள்ள காற்றாடி மட்டும் கரண்டில் மெதுவாகச் சுற்றுகிற மாதிரி வைக்கிறாராம். போனை அணைத்துவிட்டேன்.

அக்டோபர் 24, புதன்

விடியலில் எழுந்துவிட்டேன். டீ. சோஹாருக்குப் போன் போட்டேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நேராக விஷயம்.

"கேப்டன், மீட்டர் பழுதில்ல. பூஜைக்கு வெச்ச பொட்டு துளையை அடைச்சிருச்சு. எடுத்தாச்சு. ஆனா ஒண்ணு. ஏறுறதுக்கு முன்னாடி சுத்திப் பார்க்கிறது பைலட் வேலை. நீங்க ரெண்டு பைலட் சுத்தி வந்தீங்க. பார்க்கலயே?"

போச்சு என்று நினைத்தேன். அப்புறம் சிரிப்பு. கப்பல் சங்கு மாதிரி.

"பார்த்தேன் பாபா. துளை இருக்கிற இடத்துல பொட்டு. உங்க சாமி விஷயம், நான் எப்படிக் கை வைக்கிறது? வேற எங்கயாவது இன்னொரு துளை வெச்சிருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

குணத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நானும் கண்டனான் அண்ணை. நீங்கள் வைச்ச பொட்டை அழிச்சா என்னை உயிரோட விடுவியளோ? சின்னத் துளைதானே, காத்துப் போக இடமிருக்குமெண்டு நினைச்சன்."

ஆக, மரியாதை கொடுத்தே எல்லாருமாகக் கிளியைக் கெடுத்திருக்கிறார்கள். நான் மட்டுமா?

கேப்டன் எடுத்துக்கொள்கிறார். கலாஸ், விஷயம் முடிந்தது. ஓட்டல்காரருக்குச் சொன்னேன். வருத்தப்பட்டார். தோசை சாப்பிட வரச் சொன்னார். நல்ல மனிதர்தான்.

நவம்பர் 9, வெள்ளி

இளங்குளிர். தெளிந்த வானம். நேற்று தீபாவளி. இவ்வளவு நாளும் காகித வேலை, முத்திரை, மறுபடி முத்திரை. குணம்தான் அலைந்தான்.

கேப்டன் காலையிலேயே வந்துவிட்டார். சரோஜா முறுக்கு டப்பாவைப் பின் சீட்டில் வைத்து பெல்ட் போட்டாள். ரஷீத் வந்தார். மேனேஜர் கூட வந்து நின்றான். பொரி இருக்கிறதா என்று தரையைப் பார்த்தான்.

சந்தனக் கிண்ணத்தைச் சட்டைப் பைக்குள் மறைத்துத்தான் கொண்டுபோனேன். கேப்டன் கண்டுபிடித்துவிட்டார். "வையுங்க பாபா. ஆனா எங்கன்னு முதல்ல காட்டுங்க." விரலைச் சந்தனத்தில் தோய்த்து எடுத்தேன். அத்தனை பேர் கண்ணும் அந்த விரல் மேலேயே. மூக்கில் ஒன்று. அதோடு நிறுத்திக்கொண்டேன். ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் ஒன்று வைக்கச் சொல்லியிருக்கிறேன். வைக்கிறாராம்.

கிளம்பியது. குதிக்கவே இல்லை. தென்கிழக்கே போய்ப் புள்ளியானது. குணம் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு, "முள்ளு ஏறுதாம் அண்ணை" என்றான். எனக்குத் தெரியும் என்றேன். சரோஜா மூக்கைச் சிந்தினாள். நான் வண்டிக்குள் போய்க் கண்ணாடியைத் துடைத்தேன். தூசி.

ஏறுவதற்கு முன் கேப்டன் காதோடு சொன்னது: அவர் வீட்டுப் பின்னால் பழைய மரப்படகு ஒன்று. எஞ்சின் இறுகிக் கிடக்கிறது. யாரும் சீண்டுவதில்லை. பார்க்கிறீர்களா பாபா?

படகு ஓட்ட மெடிக்கல் கேட்பார்களா என்று விசாரிக்க வேண்டும். சோஹார் பஸ் எத்தனை மணிக்கு? சரோஜாவிடம் இன்னும் சொல்லவில்லை. படகில் நான் எந்த ஓட்டையை அடைத்தாலும் ஒருவரும் வாய் திறக்க முடியாது.