வாசலில் கூட்டம் கூடாதாம்

கோட்டைமேடு,
கோயமுத்தூர்,
12-8-1961

அலிகாரில் படிக்கும் அன்பு மகன் நூருல் அமீனுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் இங்கே எல்லோரும் உயிரோடும் வாயோடும் இருக்கிறோம், உன் சுகத்துக்குத் தினமும் துஆ செய்கிறேன்.

பட்டத்துக்காக நீ செய்யும் ஆராய்ச்சியைப் பற்றி எழுதிய பதினாறு பக்கக் கடிதம் கிடைத்தது. சாப்பிட்டாயா, இருமல் நின்றதா என்று அரை வரி இல்லை, ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் பாக்தாதில் யார் யாரைப் பார்க்க வந்தார்கள் என்று மட்டும் விவரமாக இருக்கிறது. பெற்றவளுக்கு அதுதானே முக்கியம். கலீபா ஹாதியின் தாயார் கைசுரான் வாசலில் மனுக்காரர்கள் கூடினார்களாம், மகனுக்கு அது பொறுக்காமல், நூல் நூற்கத் தக்ளி இல்லையா, ஓதக் குர்ஆன் இல்லையா, வீட்டோடு இருங்கள் என்றானாம். இதைத் தெரிந்துகொள்ள நீ அவ்வளவு தூரம் ரயிலேறியிருக்க வேண்டாம், உன் அண்ணன் காதர் மைதீனைக் கேட்டிருந்தால் போதும்.

அவன் போன மாதம் பள்ளிவாசல் ஜமாஅத்துக்குச் செயலாளர் ஆனான். மூன்றாம் நாளே, அம்மா, வழக்கு வம்புன்னா பள்ளிக்கு வரட்டுங்க, நம்ம ஊட்டு வாசல்ல பொம்பளைங்க கூட்டம் போட்டா எனக்கென்னங்க மரியாதை என்றான். உன் அத்தா காலத்திலிருந்து வியாழக்கிழமைதோறும் தெருப் பெண்கள் என்னிடம் வந்து குறை சொல்வதும், நான் அவர்கள் புருஷன்மாரைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்பதும் உனக்குத் தெரியும். எனக்குப் பொழுது போகட்டும் என்று பெரிய மனதோடு ஒரு தையல் மெஷினும் வாங்கி வந்தான். நானும் மறுபேச்சு பேசாமல் அதை முன்னறையில் போட்டுக்கொண்டேன். இப்போதெல்லாம் வழக்கென்று யாரும் வருவதில்லை, ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறார்கள். அளவு எடுப்பதைத் தடுக்க எந்தச் செயலாளருக்கு அதிகாரம் இருக்கிறது.

அப்படித்தான் நம் தெரு ஜொஹராவும் வந்தாள். பால்குடி மறக்காத பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு அவளைத் தாய்வீட்டுக்கு விரட்டப் பார்த்தான் புருஷன். ஜமாஅத்தில் அவன் பேச்சை ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, அவளை ஒரு வார்த்தை கேட்காமல், வெள்ளிக்கிழமை பிள்ளையை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். தீர்ப்பு எழுதியது உன் அண்ணன். அன்று மத்தியானம் அவனுக்குச் சோறு போட்டுவிட்டு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், ஹாதி தாயாருக்கு விஷச் சோறு அனுப்பியதாகவும், அவள் நாய்க்கு வைத்துப் பார்த்துப் பிழைத்ததாகவும், கொஞ்ச நாளில் அவனே செத்துப்போனதற்கு அவள்தான் காரணம் என்று சிலர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறாயே, அந்த இடம். பிசைந்த சோற்றைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்தான். பயப்படாமல் சாப்பிடு, அந்தப் பெண் சொல்வதையும் ஒரு தடவை கேள் என்றேன். நேற்று ஜும்மாவுக்கு முன்னால் நம் வீட்டில் திரைக்கு அந்தப் பக்கம் ஜொஹரா சொல்லச் சொல்ல, இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டான். பிள்ளை தாயிடமே இருக்கிறது. தீர்ப்பை மாற்றியது தன் சொந்த யோசனை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான், சொல்லட்டும்.

குளிர் வருமுன் கம்பளி வாங்கிக்கொள், தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த அறிவும் தரட்டும். ஒன்றை மறக்க வேண்டாம். கைசுரானின் தலையீட்டால் அரசாட்சி சீர்கெட்டது என்று முடித்திருக்கிறாய். அவள் வாசலில் நின்றவர்கள் என்ன குறை சொல்ல வந்தார்கள் என்று எங்குமே எழுதவில்லை. நீயும் அவர்களைக் கேட்காமலே தீர்ப்பு எழுதியிருக்கிறாய் மகனே. அதைத் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் பட்டம் வாங்கு.

உன் அம்மா,
உம்மல் குல்சும்