டிரைவர் இல்லாத கம்ப்யூட்டர்

ஜூன் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

‘மருமகளே’ என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். விவாகரத்துக்குப் பிறகு உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று புரியவில்லை. போனில் எனக்குச் சரியாகக் காது கேட்காது, அதனால்தான் கடிதம்.

நீ பாகங்களைப் பொருத்தித் தந்த கம்ப்யூட்டரில் வைஃபை போய்விட்டது. ஏதோ அப்டேட் என்று கேட்டது, சரி என்று அமுக்கினேன். அன்றிலிருந்து ‘டிரைவர் இல்லை’ என்கிறது. முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன், என்னைப் பார்த்து இப்படிச் சொல்கிறதே! உன் அத்தைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

உன் முன்னாள் மாமனார்

ஜூன் 8

மதிப்பிற்குரிய ஐயா,

படித்துவிட்டுக் கடையில் வாய்விட்டுச் சிரித்தேன். டிரைவர் என்பது வைஃபை கார்டை வேலை செய்யவைக்கும் சின்ன புரோகிராம். புதியதை நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும். உங்களிடமோ நெட் இல்லை. பென்டிரைவில் போட்டு அனுப்பியிருக்கிறேன். பழையதை நீக்கிவிட்டு இதை ஏற்றுங்கள். முடியாவிட்டால் பக்கத்துக் கடையில் கொடுங்கள், பத்து நிமிட வேலை.

அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கம்ப்யூட்டர் கடைக்காரி

ஜூன் 13

அன்புள்ள அம்மாவுக்கு,

‘இந்தக் கார்டுக்குப் பொருந்தாது’ என்று உன் டிரைவரை இறக்கிவிட்டுவிட்டது. கார்டின் எண்ணைப் பார்க்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். அத்தை டார்ச் பிடித்தாள். “பிளக்கைப் புடுங்கிட்டீங்களா? நிஜமாவே புடுங்கிட்டீங்களா?” என்று நாலு தரம் கேட்டாள். எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உன் ‘ஐயா’வைப் பார்த்து அத்தை முகம் வாடிவிட்டது. “ஹெட்மாஸ்டருக்கு லீவு லெட்டர் எழுதுற மாதிரி எழுதியிருக்காளே” என்றாள்.

பக்கத்துக் கடைக்காரன் பத்து நிமிடத்தில் சரிசெய்வான். முழங்கால் வலியை அவனா விசாரிப்பான்?

ஜூன் 18

தப்பு என்னுடையதுதான். போன வருடம் அந்தக் கார்டை மாற்றிப் போட்டதே நான். அதையே மறந்திருக்கிறேன்! சரியான டிரைவர் இத்துடன் அனுப்பும் பென்டிரைவில் இருக்கிறது. ஏற்றியதும் ஒருமுறை அணைத்துவிட்டுப் போடுங்கள்.

‘ஐயா’ என்று எழுத எனக்கும் கை வரவில்லை. உங்கள் மகனும் நானும் பிரிந்த பிறகு, வேறு மாதிரி கூப்பிட எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஜூன் 23

அம்மாடி, வைஃபை வந்துவிட்டது! அத்தை சீரியல் பார்க்க உட்கார்ந்துவிட்டாள், எனக்கு இன்னும் முறை வரவில்லை.

உரிமை என்று கேட்டிருந்தாய். மகன் இங்கே வைத்துவிட்டுப் போன விவாகரத்து மனுவின் நகலை எடுத்துப் பார்த்தேன். அவன் கையெழுத்து இருக்கிறது, உன்னுடையது இருக்கிறது. நானும் அத்தையும் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்துவிடு.

மாமா