நாற்பதில் நின்ற முள்

பழைய அம்பாசிடரின் இன்ஜின் ஹெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதன் நட்டுகளை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று நம் மகன் காலையில் போனில் தேடிக்கொண்டிருந்தான். பார்த்த இடத்துக்கு ஒரு கணக்கு வந்தது. "நாப்பது பவுண்டுடா" என்று சமையல்கட்டிலிருந்து கத்தினேன். "உனக்கு இன்னாம்மா தெரியும்?" என்றான். அடுப்பில் பாலை அப்படியே விட்டுவிட்டு முறுக்கின் அளவை முள் காட்டும் உங்கள் டார்க் ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்த நாற்பதை நான் கற்றது, இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்த நாட்களில். பஸ் கிடையாது. வெள்ளிமலையில் டீச்சராக இருந்த என் தங்கைக்கு நிறைமாதம். அவளைக் கீழே கொண்டுவர நம் வண்டியை விட்டால் வேறு வழியில்லை. வண்டியோ கள்ளக்குறிச்சியில் நம் ஷெட்டில் ஹெட் இல்லாமல் நின்றது. வண்டியின் ரிப்பேர் புத்தகத்தில் ஹெட் நட்டின் கணக்கு இருந்த பக்கத்தில் பாதியை எலி தின்றிருந்தது.

"கையாலயே டைட் வச்சிட்டு கெளம்புங்களேன்" என்று பறந்தேன்.

"ஜாஸ்தி முறுக்குனா ஸ்டட்டு அறுந்துடும். கம்மியா வுட்டா மலை ஏறசொல்ல கேஸ்கட் பூடும், வண்டி நின்னுடும். உன் தங்கச்சிய நடுக்காட்டுல வச்சிக்கினு இன்னா பண்றது?"

மூங்கில்துறைப்பட்டு ஆலையில் தெரிந்த ஃபிட்டரிடம் கேட்டுவர சைக்கிளில் கிளம்பினீர்கள். வழியெல்லாம் கிடந்த புளியமரங்களுக்கு மேலாகச் சைக்கிளைத் தூக்கித் தூக்கிப் போயிருக்கிறீர்கள். நான் அன்று முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டே வாசலுக்கும் ஷெட்டுக்கும் நடந்தேன்.

"அஞ்சரை" என்று சொல்லிக்கொண்டே வந்து இறங்கினீர்கள். நம் ரெஞ்சில் ஐந்தரை என்றால் குழந்தை முறுக்குகிற முறுக்கு. முகம் சுண்டிப்போய், மறுபடி கேட்டுவர சைக்கிளைத் திருப்பினீர்கள். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். புத்தகத்தில் கனெக்டிங் ராடு பற்றிய பக்கத்தில் கிலோவும் பவுண்டும் அடுத்தடுத்துப் போட்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஃபிட்டர் சொன்னது கிலோ, நம் ரெஞ்ச் பவுண்டு. அந்தப் பக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். நாற்பது வந்தது. எலி விட்டுவைத்த மீதியையும் படித்துக் காட்டினேன்: ஓட்டிய பிறகு ஆறவைத்து மறுபடி முறுக்க வேண்டும்.

மறுநாள் தங்கையை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கியபோது, பிரசவக்காரி வருகிறாள் என்றதும் மறித்தவர்களே மரத்தை இழுத்து வழிவிட்டார்கள். கேஸ்கட் தாங்கியது. தங்கைக்குப் பெண் பிறந்ததைச் சொல்ல ஓடிவந்தால், ஆஸ்பத்திரி வாசலில் பானட்டைத் திறந்து, இன்ஜின் மேல் புறங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

"பொண்ணு பொறந்திருக்குது, இங்க இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

"சூடு அடங்கட்டும். இன்னொரு தபா முறுக்கணும்னு நீதானே படிச்ச?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இன்றைக்கும் ரெஞ்சின் முள் நாற்பதில்தான் நின்றது. மகன் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தியிருக்கிறான். ஆறட்டும் என்று சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். எனக்குத்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை; இரண்டு வரி எழுதுவதும் எழுந்து நடப்பதுமாக இருக்கிறேன்.

நீங்கள் போன அன்று உங்கள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடு அடங்கியிருந்தது. அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று நான் எந்தப் பக்கத்திலும் படிக்கவில்லை. உங்கள் ரெஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு இன்னமும் வாசலுக்கும் ஷெட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.