அடுக்களையில் சேறு இல்லை

செப்டம்பர் 8

அன்புள்ள எலிசியோ அண்ணாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். ஒமாஹாவில் குளிர் ஆரம்பித்துவிட்டதா? இங்கே இன்னும் மதியத்தில் தார் உருகுகிறது.

கறுப்பு மையில், பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மீன் பயணம் என்றால் உனக்குக் காகிதம் வேண்டும், சுவரில் ஒட்டிவைத்து தினமும் அடித்துத் திருத்த வேண்டும். நாலு வருடத்தில் அதெல்லாம் மாறியிருக்காது.

டாக்டர் சொன்னதை அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. "அவன் லீவுல வர்றாம்மா, அவ்வளவுதான்" என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். அடுத்த வசந்தத்துக்குள் நடுப்பார்வை முழுக்கப் போய்விடும் என்பதை நீயே நேரில் சொல்வதுதான் சரி. தண்ணீருக்கு மேலே கத்தாழை மீனின் வாலைப் பார்த்துத் தூண்டில் வீசுவது இதுதான் கடைசி அக்டோபர் என்று நீ சொன்னாயே, அதை மனதில் வைத்துத்தான் ஒவ்வொன்றையும் ஏற்பாடு செய்கிறேன்.

அக்டோபர் பதினெட்டாம் தேதி சனிக்கிழமை ஹார்லிங்கன் விமான நிலையத்துக்கு நான் வந்துவிடுவேன். ஞாயிறு ஓய்வு, அம்மா மாட்டுத்தலைக் கறி வைக்காமல் உன்னை விடமாட்டாள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நூலகத்தில் லீவு சொல்லிவிட்டேன். அந்த வாரம் அமாவாசை. விடியலில் காற்று படுத்திருந்தால் மீன் தலைகீழாக நின்று நண்டு தோண்டும். ஏழரை மணிக்குள் தண்ணீரில் இறங்கிவிட வேண்டும்.

தூண்டிலில் மாட்டப் பொய் நண்டு பதினான்கு கட்டியிருக்கிறேன். மான் மயிர், கண்ணுக்கு ஈயமணி. தண்ணீரில் எங்கே விழுந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக முதுகில் ஆரஞ்சு இழை சேர்த்தேன். மீனுக்குப் பிடிக்குமோ என்னவோ. உன் பழைய பூட்ஸின் அடிப்பாகம் கழன்றுவிட்டது. திருக்கை முள் ஏறாத புது ஜோடி வாங்க வேண்டும், அளவு பதினொன்றுதானே?

இடம் பற்றி. மூன்று நாளும் கிழக்குப் பக்கம், தீவை ஒட்டிய வெள்ளை மணல் திட்டுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். அங்கே முழங்கால் ஆழம்தான். அடி வெள்ளையாக இருப்பதால் மீனுக்கு முன்னால் அதன் நிழல் தெரியும். உன் கண்ணுக்கு அதுதான் வசதி. கயாக் படகைக் கட்டிவிட்டு இறங்கினால் அரை மைல் நேராக நடக்கலாம், பள்ளம் மேடு கிடையாது.

உன் பழைய மீன் இடம், நம் அடுக்களை, இந்த வருடம் அவ்வளவு நன்றாக இல்லை. சேறு அதிகமாகிவிட்டது. கால் புதைகிறது. அங்கே போவதில் நேரம் வீணாகும் என்று தோன்றுகிறது. வேறு எதுவும் இல்லை.

அம்மா உனக்காகப் போர்வை துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள், இப்போதே.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் கண்ணாடி போடாமல் நிற்காதே.

என்றும் உன் தங்கை,
நோலியா


செப்டம்பர் 21

அன்புள்ள அண்ணா,

நேற்று நீ போனில் பேசியதிலிருந்து இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது. இதைத் தபாலில் போட்டுவிடுவேன்.

என் கடிதத்தைப் படித்துவிட்டு நீ சிரித்தாய். "சேறா? அங்க எங்கடி சேறு? அடி முழுக்க இறுகுன மணல். நீ போயே நாளாச்சா நோலி, இல்ல வேற எங்கயாவது போய் இறங்கிட்டு அடுக்களைன்னு நெனச்சிட்டியா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் நீயே தொடர்ந்தாய். "கிழக்குத் திட்டெல்லாம் வேணாம். தெரியாத எடத்துல கால் வைக்கவே எனக்கு இப்ப பயமா இருக்கு. அடுக்களைன்னா கண்ணை மூடிட்டுக்கூட நடப்பேன். அங்க மட்டுந்தான் நடப்பேன்." அதோடு ரம்பம் போன்ற குரலில் பாட்டுப் பாடிவிட்டு வைத்துவிட்டாய்.

அங்கே சேறு இல்லை, அண்ணா. நான் பொய் சொன்னேன்.

நாலு வருடம் முன்பு, ஒமாஹாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நீ என்னை அங்கே கூட்டிப்போனாய். ஒன்பது வருடம் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த இடம். மீன் சாப்பிட வருகிற இடம், அதனால் அடுக்களை என்று பேர் வைத்தாய். நாலு பேர் நடுவில் "அடுக்களைக்குப் போறேன்" என்று சொன்னாலும் யாருக்கும் புரியாது என்று பெருமைப்பட்டாய். வேறு யாரிடமும் சொல்லாதே என்றுகூட நீ என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக உனக்குத் தோன்றவில்லை.

போன வருடம் ஜூலையில் அங்கே ஒரு மீன் எடுத்தேன். நீ இல்லாமல், நானே கட்டிய இரையில், முதல் மீன். இருபத்தாறு அங்குலம். வாலடியில் ஒன்றுக்குப் பதில் மூன்று பொட்டு. உன்னிடம் போனில் சொன்னேன், நீ கத்தின கத்தலில் உன் அறைத்தோழர் ஓடிவந்தார். உன்னிடம் சொல்லாதது, நான் அதைப் படம் எடுத்தது.

நம் ஊரில் மீனோடு படம் எடுப்பவன் எப்படி எடுப்பான் என்று உனக்குத் தெரியும். இடம் தெரியாதபடி முட்டி போட்டு, பின்னால் வானம் மட்டும், இல்லாவிட்டால் படகின் தரை மட்டும். எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே நமக்கெல்லாம் அது தெரியும். நான் கயாக்கின் மூக்கில் போனை வைத்து, டைமர் போட்டு, எழுந்து நின்று எடுத்தேன். அன்று அந்தத் தண்ணீர் அவ்வளவு அழகாக இருந்தது, அதுவும் படத்தில் வேண்டும் என்று தோன்றியது. என் தோளுக்குப் பின்னால் அடுக்களையின் ஓரத்தில் தண்ணீருக்குள் இருக்கிற, கூரை போன அந்த மரக்குடிசை, சாய்ந்த காலோடு, தெளிவாக நின்றது.

அந்தப் படத்தை எங்கும் போடவில்லை. நான் எதையும் எங்கும் போடுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் அதே வாரம் டாச்சோவின் இரைக்கடைக்குப் போனேன். ராய்ஸ் ஹாஸ்கெல் அங்கே கல்லாமேல் சாய்ந்து நின்றிருந்தான். வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு மீன் காட்டப் போகிறானே, அவன்தான். என்னைப் பார்த்ததும், "சத்தம் போடாதீங்கப்பா, லைப்ரரியம்மா வந்தாச்சு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். "என்ன நோலியா, புத்தகத்துக்குள்ள தூண்டில் போட்டியா, ஏதாச்சும் மாட்டுச்சா?" என்று டாச்சோவும் சேர்ந்துகொண்டார்.

இதையெல்லாம் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டு பேசாமல் வந்தவள் நான். அன்று முடியவில்லை. போனை எடுத்து நீட்டினேன்.

கை மாறி மாறிப் போனது. "அடேயப்பா" என்றார் டாச்சோ. "இதை இவளா புடிச்சா?" என்று யாரோ கேட்டார்கள். ராய்ஸ் கைக்குப் போனதும் அவன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். அவன் பெரிதாக்கியது மீனை இல்லை. என் தோளுக்குப் பின்னால். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "நல்ல மீனு. இந்தக் குடிசை... தெக்கு வாய்க்காலுக்கு அந்தாண்ட ஒண்ணு கூரையில்லாம கெடக்குமே, அதுவா?"

இத்தனை நாளாக உன்னிடம் மறைத்தது இந்தக் கணத்தைத்தான். படம் எடுத்தது தவறுதல் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவன் கேட்டபோது, "இந்த உப்பங்கழியில எத்தனையோ குடிசை இருக்கு" என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. வார்த்தைகூட நாக்கில் இருந்தது. நான் சொல்லவில்லை. சிரித்தேன். ராய்ஸ் ஹாஸ்கெலுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறது, அது அவனுக்கும் புரிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் சிரித்தேன். அவனும் பதிலுக்குச் சிரித்துவிட்டு, தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தான். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை.

மறுவாரம் அவன் படகு அங்கே நின்றது. ஆகஸ்டில் மூன்று படகு. இந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை ஏழு எண்ணினேன். முழங்கால் தண்ணீரில் இன்ஜினை இறக்கி ஓட்டுகிறார்கள். கடற்புல் கீறிக் கீறிப் போய்விட்டது. உழுத நிலம்போல நீள நீளமாகப் பள்ளம். மீன் முன்போல வருவதில்லை, வந்தாலும் வாலைத் தூக்குவதில்லை, நிழல் பட்டாலே ஓடுகிறது.

பதினாலு மாதம் ஞாயிறுதோறும் நீ கேட்டாய், "அடுக்களை எப்படி இருக்கு?" என்று. ஞாயிறுதோறும் "அப்படியேதான் இருக்கு" என்று சொன்னேன். உன் கண் பற்றித் தெரிந்த பிறகும் சொன்னேன். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அப்புறம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சேறு என்று ஒரு கதை கட்டினேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன் என்றாயே, அந்தத் தரை இப்போது இல்லை, அண்ணா. அதனால்தான் எழுதுகிறேன். தெரியாமல் நீ இறங்கி, தெரிந்த இடம் என்று நம்பிக் கால் வைத்து, பள்ளத்தில் விழுந்தால் நான் என்ன செய்வேன்.

சேறு என்று எழுதியதை நீ நம்பமாட்டாய் என்று பயந்து, போன வாரம் மூன்று காலை வேலைக்குப் போவதற்கு முன் அங்கே போய் வந்தேன். திருக்கைக்காகக் காலைத் தேய்த்துத் தேய்த்து, குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தேன். ஆழமான பள்ளம் ஆறு இருக்கிறது. ஒவ்வொன்றின் இரு முனையிலும் மூங்கில் குச்சி நட்டிருக்கிறேன். வரைபடம் இதோடு வைத்திருக்கிறேன், தடித்த கோடாகப் போட்டிருக்கிறேன், உனக்குத் தெரியும். கிழக்கு மூலையில் மட்டும் இன்னும் புல் இருக்கிறது. புதன்கிழமை அங்கே மூன்று வால் பார்த்தேன். வியாழன் ஒன்றும் இல்லை. பொய் சொல்ல மாட்டேன், ஒன்றும் இல்லை.

ஒரு வழி இருக்கிறது. அந்த வாரம் வடகாற்று வீசினால் தண்ணீர் ஒரு சாண் இறங்கும். அப்போது படகு எதுவும் உள்ளே வர முடியாது. வாய்க்கால் கரையில் கயாக்கை விட்டுவிட்டு ஒரு மைல் நடந்துதான் போக முடியும். யாரும் நடக்க மாட்டார்கள். நாம் நடக்கலாம். நான் முன்னால் போகிறேன், நீ என் தோளில் கை வைத்துக்கொண்டு வா. உனக்கு அது பிடிக்காது என்று தெரியும். என் தோள் இப்போது இன்னும் பிடிக்காமல் போகலாம். அப்படியென்றால் தூண்டில் கோலை நீட்டுகிறேன், அதன் நுனியைப் பிடித்துக்கொள். வடகாற்று வராமல் போனால் கிழக்குத் திட்டு. அதுவும் வேண்டாமென்றால் மூன்று நாளும் அம்மாவோடு வீட்டில் இரு, நான் நூலகத்துக்குப் போய்விடுகிறேன், உன் எதிரில் வரமாட்டேன்.

டாச்சோவிடம் போன மாதம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு அது உன் இடம் என்று அன்றைக்கே தெரியுமாம். "உங்கண்ணனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அவர் இறால் தொட்டியைக் கழுவப் போய்விட்டார். ராய்ஸ் இன்னும் தொப்பியைத் தொடுகிறான்.

மன்னிப்பு கேட்க இதை எழுதவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நீ உடனே சொல்லிவிடுவாய், அதுதான் எனக்குப் பயம். இதைப் படித்ததும் போன் செய்யாதே. போனில் நீ சீக்கிரம் சமாதானமாகிவிடுவாய், என் குரல் கம்மினால் ஜோக் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். இரண்டு நாள் கோபமாக இரு. வேண்டுமானால் மூன்று வாரமும் இரு.

டிக்கெட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடாதே, அண்ணா. மீனுக்காக வராவிட்டாலும் திட்டுவதற்காவது வா. அம்மா தூங்கி எழுவதற்கு முன், வெளிச்சம் நன்றாக இருக்கும்போது, என்னை எதிரில் உட்காரவைத்து, என் முகத்தை நன்றாகப் பார்த்துத் திட்டு. எவ்வளவு நேரமானாலும் நான் அசைய மாட்டேன்.

பதினெட்டாம் தேதி ஹார்லிங்கனில் நிற்பேன்.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் நோலியா